மன்னாருக்குப் போன மூன்று போத்தல்கள்

மன்னார் பேருந்தில் என் மடியிலிருந்த பைக்குள் பியர் போத்தல் உடைந்தபோது, பக்கத்து இருக்கையில் இரண்டு கன்னியாஸ்திரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தீவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். நடு ரோட்டில் ஐந்தாறு கழுதைகள் ஏதோ கூட்டம் போட்டு நின்றன. ஓட்டுநர் பிரேக்கை மிதித்த மிதியில் நான் முன் கம்பியில் போய் மோதினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பைக்குத்தான் ஆனது. டப்பென்று ஒரு சத்தம். பிறகு கால்சட்டை நனைந்தது. பிறகு மணம் கிளம்பியது.

பேருந்தே திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்படியே ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது. மூத்த கன்னியாஸ்திரி தன் கைக்குட்டையை நீட்டி, பியரா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வழியில்லை, அந்த மணத்துக்கு வேறு பெயர் கிடையாது.

“கவலைப்படாதேங்கோ. கானாவூர்க் கலியாணத்தில ஆண்டவர் தண்ணியைத் திராட்சை ரசமாக்கினவர், இதைவிடக் கனக்க” என்று சொல்லிவிட்டு ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சும்மா ஒரு குடிகாரன் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறான் என்று நினைத்துவிடுவீர்கள். பெங்களூரில், தங்கள் பியரைத் தாங்களே காய்ச்சிப் பரிமாறும் ஒரு சின்னக் கூடத்தில் நான் ருசி பார்ப்பவன். நாக்கில் வைத்து, மூக்கில் ஏற்றி, இது தேறும், இது தேறாது என்று எழுதித் தருவதற்குச் சம்பளம். மாமியார் வீட்டில் உணவுத் தரப் பரிசோதனை என்று சொல்லி வைத்திருக்கிறோம். கொழும்பில் ஒரு சிறிய பியர் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். அது இரண்டு நாளில் முடிந்துவிட்டது. அங்கிருந்து மன்னாருக்கு வந்தது ஜெராட்டுக்காக.

ஜெராட் எங்கள் கூடத்தில் பியர் காய்ச்சுபவன். மன்னார்த் தீவில் பிறந்து, போருக்குத் தப்பிக் கைக்குழந்தையாகப் படகேறி, மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவன். போர் முடிந்து மூன்றாம் வருடம் அவன் அப்பாவும் அக்காவும் ஊர் திரும்பினார்கள். அவனுக்கு அப்போதுதான் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. ஒரு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று அவர்களை அனுப்பிவைத்தான். அப்புறம் கோலார்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். மகள் பிறந்தாள். முகாம் பதிவில் இருப்பவன் ஒருமுறை நாட்டைவிட்டுக் கிளம்பினால் மறுபடி உள்ளே வருவது லேசான காரியமில்லை. அந்த ஒரு வருடம் இப்போது ஆறு வருடமாகி நிற்கிறது.

இந்த வருடம்தான் முதலாளி அவனைத் தனியாக ஒரு பில்ஸ்னர் செய்யவிட்டார். பில்ஸ்னர் என்பது பொன் நிறத்தில், தெளிவாக, லேசான கசப்போடு இருக்கும் பியர். பார்த்தால் எளிது. செய்கிறவனுக்குத்தான் பாடு. மற்ற பியர்களில் கை தவறினால் மாம்பழத்தையோ காப்பிக்கொட்டையையோ போட்டு மறைத்துவிடலாம். பில்ஸ்னரில் ஒளிய இடமே இல்லை. ஜெராட் நான்கு முறை காய்ச்சிக் கொட்டினான். ஐந்தாவது தேறியது. அதிலிருந்து கையால் மூன்று போத்தல் அடைத்து என்னிடம் தந்தான்.

“அப்பா ஒரு வாய் குடிச்சிட்டுப் பிழையில்லை எண்டு சொன்னாப் போதும் அண்ணா. அவர் நல்லம் எண்டு ஒருநாளும் சொல்லமாட்டார். பிழையில்லைதான் அவரின்ர பெரிய சொல்லு” என்றான்.

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான். மூடிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாதிரிப் போத்தல் ஒவ்வொன்றின் மூடியிலும் காய்ச்சிய நாளை எழுதிவைப்பது அவன் பழக்கம். மூடி திரும்பி வந்தால்தான் போத்தல் காலியானது என்று ஒத்துக்கொள்வான். வராவிட்டால், யாரோ அதைத் திறக்காமல் எங்கோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடைந்த போத்தலின் மூடியைக் கண்ணாடிச் சில்லுகளுக்குள்ளிருந்து தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மிச்சம் இரண்டு போத்தல்.

பேசாலைக்கு அப்பால், கடலுக்கு இரண்டு கூப்பிடு தூரத்தில் வீடு. திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்தது. ஜெராட்டின் அக்கா றெஜினா வாசலில் நின்று என் நனைந்த கால்சட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் கணவர் கத்தாரில். அப்பா சூசை ஐயா எழுபதைத் தாண்டியவர், கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்கு இன்னும் போகிறவர், பேச்சுக் குறைவு. “வாங்கோ தம்பி, இருங்கோ” என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு எதிரே நின்றுகொண்டே இருந்தார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிட்டு, விளைமீன் கறி, தேங்காய்ப்பால் சொதி, ஒரு பெரிய நண்டு. நம்மூரில் புளியைத் தாராளமாக ஊற்றி மீனை அதில் முங்க விடுவோம். இங்கே மீன்தான் முன்னால் வருகிறது, மற்றதெல்லாம் பின்னால் வருகிறது. நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன். றெஜினா கேட்காமலே நான்காம் முறை வைத்தாள். கடைசியில் பால் இல்லாத தேநீரும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும். அந்தப் பனங்கட்டிக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

இனித் தாமதிக்கக் கூடாது என்று ஒரு போத்தலைத் துடைத்து மேசையில் வைத்தேன். ஜெராட் தன் கையால் காய்ச்சியது, உங்களுக்காகவே கொடுத்துவிட்டான், நீங்கள் சொல்வதைக் கேட்டு வரச் சொன்னான் என்று சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தேன். ஐயா போத்தலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியின் மேல் பெருவிரலால் ஒருமுறை தடவினார். அப்புறம் கீழே வைத்துவிட்டு, வலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கொழும்பிலிருந்து இத்தனை மணி நேரம் குலுங்கி, கன்னியாஸ்திரிகளுக்கு முன்னால் மானம் போய் வந்திருக்கிறேன். ஒரு வாய் குடித்தால் என்ன குறைந்துவிடும்? மகன் செய்கிற தொழில் இவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். அப்படி முடிவுக்கு வருவதில் நான் கெட்டிக்காரன்.

மறுநாள் காலை ஐயா எனக்கு முன்பே கடலுக்குப் போய்விட்டார். அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனைப் பார்த்து வரக் கிளம்பினேன். காற்று எதிர்த்து அடித்தது. தாராபுரத்தை நெருங்கும்போது பின் டயர் உயிரை விட்டது. வழியில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர். பேச்சிலேயே நான் வெளியூர்க்காரன் என்று கண்டுகொண்டார். போர்க்காலத்தில் அவர் குடும்பமும் ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியது. பஞ்சரை ஒட்டிக்கொண்டே இதைச் சாதாரணமாகச் சொன்னார். வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் காடுதான் இருந்ததாம், கிணற்றை வைத்துத்தான் தன் காணியை அடையாளம் கண்டாராம்.

சைக்கிளைப் பார்த்ததும் அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சூசை ஐயாவின் விருந்தாளி என்றதும் முகம் மலர்ந்தது. தான் ஒரு சொட்டும் தொடாதவர், ஆனால் ஐயாவின் நாக்கைப் பற்றி ஊருக்கே தெரியும் என்றார். இடம்பெயர்வதற்கு முன்பு தவறணை என்கிற கள்ளுக்கடையில் புதுப் பானை இறங்கினால் முதல் வாய் சூசை ஐயாவுக்குத்தானாம். எந்தப் பனையின் கள்ளு என்பதைக்கூடச் சொல்லிவிடுவாராம்.

“அவர் பிழையில்லை எண்டாரெண்டா அண்டைக்குப் பானை மிஞ்சாது” என்றார் கடைக்காரர். “இப்ப அதெல்லாம் விட்டிட்டார். ஏனெண்டு நான் சொல்லக்கூடாது. வீட்டில கேளுங்கோ.”

எனக்கு அதுவரை புரியாத ஒன்று அங்கே புரிந்தது. ஜெராட் ஏதோ ஒரு அப்பாவின் பாராட்டுக்காக ஏங்கவில்லை. தனக்குத் தெரிந்த மிகப் பெரிய நடுவரிடம் தன் பியரை அனுப்பியிருக்கிறான். நான் வெறும் தபால்காரன்.

வீட்டுக்கு வந்தபோது றெஜினா திருக்கை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வந்திறங்கின கிழமையே மடு மாதா கோயிலுக்குப் போனனாங்கள். அப்பா மாதாவுக்கு முன்னால நிண்டு நேர்த்தி வச்சவர். மகன் இந்த மண்ணில கால் வைக்கிற வரைக்கும் கள்ளோ சாராயமோ பியரோ ஒண்டும் தொடமாட்டன் எண்டு. தம்பி ஒரு வருசத்தில வாறன் எண்டவன்தானே அண்ணை. ஒரு வருசம்தானே எண்டு அப்பா நினைச்சவர்.”

ஆறு வருடம். பெருநாளிலும் இல்லை, கல்யாண வீட்டிலும் இல்லை, அடைமழையில் கடலுக்குப் போய் நடுங்கி வந்த நாளிலும் இல்லை. கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமியார் மனம் இளகி, அந்த நேர்த்தியை வேறொன்றாக மாற்றித் தருகிறேன், மெழுகுதிரி கொளுத்தினால் போதும் என்று சொல்லியும் பார்த்தாராம். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. ஜெராட்டுக்கு இதில் எதுவுமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து போனில் பேசிக்கொள்கிற குடும்பத்தில், இதை மட்டும் யாரும் அவனிடம் சொன்னதில்லை.

நேற்று நான் கோபித்துக்கொண்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. மாலையில் ஐயா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். றெஜினா சொல்லிவிட்டாளா என்று மட்டும் கேட்டார். அப்புறம் வலைக்கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமலே பேசினார்.

“அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வந்திடுவான். மனிசி பிள்ளையை விட்டிட்டு வாற மகன் எனக்கு வேண்டாம்.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கரைவலை இழுத்து முடிந்ததும் ஐயாவே என்னைக் கூப்பிட்டார். ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கடற்கரையில் ஓலைக் கூரை போட்ட ஒரு வாடி, மீனவர்கள் வலையும் மீனும் வைக்கிற இடம். அங்கே மீன் பெட்டியிலிருந்த ஐஸுக்குள் போத்தலைக் கழுத்துவரை புதைத்தார். உலகத்தில் எத்தனையோ விதமாகப் பியர் குளிர்வதைப் பார்த்திருக்கிறேன், பாரை மீன்களுக்கு நடுவே குளிர்ந்தது இதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் காத்திருந்தோம்.

“இப்ப நீங்கள் குடியுங்கோ. நான் பாக்கிறன்” என்றார்.

மூடியைப் பத்திரமாகத் திறந்து பையில் போட்டேன். றெஜினா கொடுத்தனுப்பிய கிளாஸில் ஊற்றினேன். வெள்ளை நுரை இரண்டு விரல் உயரத்துக்கு ஏறி நின்றது. ஐயா குனிந்து கிளாஸுக்குச் சமமாகக் கண்ணை வைத்து அந்த நுரையைப் பார்த்தார். அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தன் மூச்சால் எண்ணினார். போட்டிகளில் நாங்கள் இதற்குக் கடிகாரம் வைத்திருப்போம்.

அப்புறம் கையை நீட்டினார். நான் தயங்கினேன்.

“மணக்கிறது குடிக்கிறதில்லை எண்டு மாதாவுக்குத் தெரியும்” என்றார்.

கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு நிதானமாக முகர்ந்தார். முதலில் பேக்கரியில் பாண், அதாவது ரொட்டி, இறக்குகிற நேரத்து வாசம் என்றார். சரி, அது மால்ட், முளைகட்டி உலர்த்திய பார்லி. மறுபடி முகர்ந்து, கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் அறுவடை முடிந்து கிடக்கிற புது வைக்கோல் என்றார். மூன்றாம் முறை கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டு, வேப்பம்பூ என்றார். பியரில் போடும் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் பற்றி அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. இருபது வருடம் இதே தொழிலில் இருக்கிற நான் அந்தப் பியருக்கு எழுதிவைத்திருந்த குறிப்பில் புல் என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தேன். வேப்பம்பூதான். அன்றிலிருந்து எனக்கு அதில் வேப்பம்பூவைத் தவிர வேறெதுவும் மணப்பதில்லை.

கிளாஸைத் திருப்பித் தந்தார். நான் குடித்தேன். அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கின் நுனியில் என்ன, பக்கத்தில் என்ன, விழுங்கினபின் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதலில் இனிப்பு தொட்டுவிட்டுப் போகிறது, நடுவில் தண்ணீர் போலச் சுத்தமாக இருக்கிறது, பிறகு கசப்பு வருகிறது என்று சொன்னேன்.

“கசப்பு நிக்குதோ?”

“கொஞ்சம் நிற்கிறது ஐயா. ஒரு மூச்சு அதிகமாகவே நிற்கிறது.”

“நிக்கட்டும்” என்றார்.

இதற்குள் றெஜினாவும் அங்கே வந்திருந்தாள். அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். இவ்வளவு சொன்ன வாயால் அந்த ஒரு சொல்லையும் சொல்லிவிட்டால் என்ன, தம்பி எவ்வளவு சந்தோசப்படுவான் என்றாள். எனக்கும் அதே ஆசைதான். மணத்தை வைத்தே இத்தனை சொன்னீர்களே, பிழையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று நானும் கெஞ்சினேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“குடிக்காமல் எப்பிடித் தம்பி சொல்லுறது? அவன் கேட்டது என்ர நாக்கை. மூக்கை இல்லையே.”

வாயில் வைக்காத பியருக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று புது நடுவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். அந்தப் பாடத்தை வசதியாக மறந்துவிட்டு, ஒரு கிழவரைப் பொய் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியமே ஜெராட் போன் செய்தான். பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. ஐயா போனைக் காதில் வைத்து, ஓம், ஓம் என்றார். மணந்து பார்த்தேன் என்றார். பேத்தி பள்ளிக்குப் போகிறாளா என்று கேட்டார். பிறகு போனை என் கையில் தந்துவிட்டு எழுந்துவிட்டார். அப்பா குடித்தாரா, என்ன சொன்னார் என்று ஜெராட் கேட்டான். நேரில் வந்து சொல்கிறேன் என்று சமாளித்தேன். என் தொழிலில் வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் கிடையாது, அதனால் அது எனக்குச் சரியாக வருவதில்லை.

கிளம்பும் நாள் காலை, மிச்சமிருந்த ஒரு போத்தலை ஐயா கேட்டு வாங்கிக்கொண்டார். அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டில் திருநாளுக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் போத்தலைச் சுற்றி வைத்தார். என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. இது சாராயம் மாதிரி இல்லை ஐயா, நாள்பட நாள்படக் கெட்டுவிடும், வெயில் ஊரில் மூன்று மாதம் தாங்கினால் பெரிது, அப்புறம் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மணக்கும் என்று விளக்கினேன். சொல்லச் சொல்லவே, இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

“மூண்டு மாசமோ” என்று கேட்டார். சட்டையின் மடிப்பைச் சரிசெய்தார். பிறகு அலுமாரிக் கதவைச் சாத்தி, “இருக்கட்டும்” என்றார்.

பேருந்து ஏறும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன். தீவை விட்டு வெளியே போகிற பாலத்தின் மேல் வண்டி போனபோது அழுதேன். நல்லவேளை, இந்த முறை பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் யாரும் இல்லை. கருவாட்டு மூட்டையோடு ஓர் அம்மா இருந்தார். அவர் என்னைப் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டார்.

பெங்களூரில் இறங்கிய மறுநாள் காலை வேலைக்குப் போனேன். ஜெராட் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் இரண்டு மூடிகளை மேசையில் வைத்தேன். ஒன்று நசுங்கியிருந்தது, கழுதைகளின் கதையைச் சொன்னேன், சிரித்தான். மற்றது மீன் ஐஸில் கிடந்தது, அதையும் சொன்னேன். அப்பா நுரையை எண்ணியதை, பாண் என்றதை, வைக்கோல் என்றதை, வேப்பம்பூ என்றதை எல்லாம் சொன்னேன். அவன் குழாயைக் கையில் பிடித்தபடியே கேட்டான், தண்ணீர் அவன் பூட்ஸின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என் கையைப் பார்த்தான்.

“மூண்டாவது மூடி?”

“அப்பா வைத்திருக்கிறார்.”

“திறக்கேல்லையோ?”

“இல்லை.”

ஏன் என்று கேட்டான். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“கனநாள் வச்சாப் பழுதாப் போயிடும் எண்டு அவரிட்டச் சொன்னனீங்களோ அண்ணா?”

“சொன்னேன். மூன்று மாதம்தான் என்றேன்.”

“அதுக்கு என்ன சொன்னவர்?”

“இருக்கட்டும் என்றார்.”

ஜெராட் குழாயை மூடினான். இரண்டு மூடிகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கள்ளின் முதல் வாய்க்கு ஊரே காத்திருந்த மனுஷன், சொந்த மகனுடைய பியரைத் திருநாள் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். தான் போனால்தான் அது திறக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது அவன் முகத்தில் தெரிந்தது.

“அது போகட்டும். நான் புதுசாக் காய்ச்சிக் கொண்டுபோறன்” என்றான்.

மூடிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மதியத்துக்கு மேல் லீவு வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டேன். ஊருக்குப் போக என்னென்ன காகிதம் வேண்டும், போனால் திரும்பி வர என்ன வழி என்று விசாரிக்க வேண்டும், எத்தனை மாதமானாலும் பரவாயில்லை என்றான்.

“உனக்கா?” என்றேன்.

பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே, “மூண்டு பேருக்கும்” என்றான்.